வெளி விளக்கு பொருத்துதல்: ஞாயிறு காலை 10 மணி

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்கு வெளியே பாதுகாப்பு விளக்கு பொருத்த வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார்.

1. இருட்டியபின் வீட்டைச் சுற்றி நடந்து, விளக்கு வேண்டிய இடத்தைக் குறித்து வையுங்கள். பகலில் பார்த்தால் தெரியாது.
2. விளக்கில் ஐபி65 குறி இருக்கட்டும். தூசி, மழை தாங்கும்.
3. அசைவு சென்சார் (ஆள் நடமாட்டத்தைக் கண்டு விளக்கை எரியவைக்கும் கருவி) 2 முதல் 3 மீட்டர் உயரத்தில். ஆள் நேரே வருவதைவிடக் குறுக்கே கடந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். அதனால் பாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள்.
4. வெளிச்சம் கீழ்நோக்கி. எதிர்வீட்டுப் படுக்கையறைக்குள் அடித்தால் அப்புறம் சண்டைதான்!
5. வேலை முடியும்வரை மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும்.

எத்தனை விளக்கு, எந்தப் பக்கம் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். வேண்டாம் என்றாலும் சொல்லிவிடுங்கள்.