பகு எண்ணின் பெருமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் வெளியான கணிதக் கட்டுரை ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்களின் சிறப்பை நன்றாக விளக்கியிருந்தது. ஆனால் வேறு எண்களாலும் வகுபடும் பகு எண்களை ‘எளிதில் உடைபடும் சாதாரண எண்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டதை, தொண்டிக் கடற்கரையில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

எங்கள் கரையில் கரைவலை இழுத்து முடித்து மீனைக் கூறு போடும்போது பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். நூறு மீனை ஆறு பேருக்குப் பங்கிட்டால் நான்கு மிஞ்சும். அறுபது மீனாக இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. நூறுக்கு வகுத்திகள், அதாவது அதை மீதியின்றி வகுக்கும் எண்கள், 9. அதைவிடச் சிறிய அறுபதுக்கோ 12. இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண். இவற்றைப் பற்றிக் கணித மேதை இராமானுஜன் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரையை லண்டன் கணிதக் கழகம் 1915-இல் வெளியிட்டது. அதன் அடிப்படையில்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

அக்கட்டுரையில் உள்ள உயர் பகு எண்களின் அட்டவணை 6746328388800 என்ற எண் வரை செல்கிறது. அதாவது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறை எடுத்துப் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும். ஒவ்வொரு பகாக்காரணியும் வரும் தடவையுடன் ஒன்றைக் கூட்டி, கிடைப்பவற்றையெல்லாம் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை தெரியும்: 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10,080. சிறிய பகா எண் அதிகமாகவும் பெரியது குறைவாகவும் வருவது தற்செயல் அன்று. பெரியது சிறியதைவிட மிகுந்து வந்தால், இரண்டின் தடவைகளையும் இடம் மாற்றி, அதே எண்ணிக்கை வகுத்திகளுடன் இன்னும் சிறிய எண் ஒன்றை உண்டாக்கிவிடலாம். அப்போது முதல் எண் உயர் பகு எண்ணாக இராது. கடைசிப் பகாக்காரணி ஒரே ஒரு முறைதான் வரும் என்றும், இதற்கு 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு என்றும் இராமானுஜன் நிறுவினார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால், நம்பாமல் தாங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். நான் விரும்புவதும் அதைத்தான்.

அந்த அட்டவணையில் 293318625600 மட்டும் விடுபட்டுப் போயிற்று. அதை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண்ணே வரும். கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கில் ஓர் எண் தவறியதைவிட, மற்றவை தவறாமல் அமைந்ததே என்னை வியக்க வைக்கிறது.

ஆகவே அடுத்த மாணவர் பகுதியில் 6746328388800 என்ற எண்ணை அதன் காரணிகளோடு பெரிய எழுத்தில் அச்சிடுமாறு வேண்டுகிறேன். ஒன்றிலிருந்து 28 வரை எத்தனை பேருக்குப் பங்கிட்டாலும் அதில் மீதி வராது. 29 பேருக்குக் கூறு போடும்போதுதான் முதன்முதலாக 26 மிஞ்சும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தொண்டி, இராமநாதபுரம் மாவட்டம்.