கேச் எங்கே இருக்க வேண்டும்? செயலி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

செயலிகளை உருவாக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

என் போனின் உள் சேமிப்பு 32 ஜிபி. கூடவே 64 ஜிபி மெமரி கார்டும் போட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு வீடியோ எடுக்கக் கேமராவைத் திறந்தால் ‘இடம் போதவில்லை’ என்றது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். ஒரு பாட்டுச் செயலியின் கேச் (மறுபடி மறுபடி இறக்காமல் இருக்கச் செயலி சேர்த்துவைக்கும் நகல்கள்) மட்டும் 3 ஜிபியைத் தாண்டியிருந்தது. கார்டில் பாதிக்கு மேல் காலி. கேச்சை அழித்தேன், நாலே நாளில் அதே பாட்டுகள் மறுபடி இறங்கி, டேட்டாவையும் தின்று, பழையபடி உட்கார்ந்துகொண்டன.

உங்கள் செயலிக்கென்று கார்டிலும் ஒரு கேச் ஃபோல்டரை ஆண்ட்ராய்டு 2013-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே தருகிறது. அதில் எழுதத் தனி அனுமதி எதுவும் கேட்க வேண்டாம். வழி இருந்தும் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை.

எல்லாவற்றையும் கார்டில் கொட்டுங்கள் என்று சொல்லவில்லை. பாட்டு, வீடியோ, வரைபடம் போன்ற பெரிய கோப்புகள் அங்கே போகட்டும். குட்டிக் குட்டிப் படங்கள் வேண்டாம். 64 ஜிபி கார்டுகளில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பு பெரும்பாலும் 128 கேபி துண்டுகளாகத்தான் இடம் ஒதுக்கும். 4 கேபி படத்துக்கும் ஒரு முழுத் துண்டு போய்விடும். பத்தாயிரம் படங்கள் 40 எம்பிக்குப் பதிலாக 1.2 ஜிபியை அடைத்துக்கொள்ளும். டேட்டாபேஸும் உள்ளேயே இருக்கட்டும். சிறிது சிறிதாக அங்குமிங்கும் எழுதுவதில் கார்டு ரொம்ப மெதுவு. அந்தரங்கச் செய்திகளை அங்கே வைக்கவே கூடாது. கார்டைக் கழற்றி வேறு கருவியில் போட்டால் யாரும் படித்துவிடலாம்.

அப்புறம், கார்டு எந்த நேரமும் கழன்று போகக்கூடிய பொருள். ஒவ்வொரு முறையும் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். கோப்பைத் திறந்தபடியே வைத்திருந்தால், கார்டை விடுவிக்கும்போது சிஸ்டம் உங்கள் செயலியையே நிறுத்திவிடலாம். கார்டு இல்லையென்றால் சத்தமில்லாமல் உள் சேமிப்புக்கு மாறுங்கள். கேச் வெறும் நகல்தானே, திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

உள்ளே இடம் குறைந்தால் கேச்சை சிஸ்டமே துடைக்கும். கார்டில் அதை நம்ப முடியாது. ஒரு வரம்பு வைத்து, பழையதை நீங்களே அழியுங்கள்.

நான் கேட்பது செட்டிங்ஸில் ஒரே ஒரு வரி: ‘கேச் இருக்கும் இடம்: போன் / மெமரி கார்டு’. முதலில் போன் என்றே இருக்கட்டும். மாற்ற வேண்டியவர்கள் மாற்றிக்கொள்கிறோம்.