செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அன்பான உறுப்பினர்களே,

எமது தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

செயற்குழு பத்துத் தடவை கூட்டப்பட்டது. மூன்று தடவை நிறைவெண் இல்லாமல் கலைந்தது. சித்திரை மாதத்தில் பொல்கொட ஏரியில் நடந்த குடும்ப ஒன்றுகூடல் நன்றாக நடந்தது. பாடசாலை மாணவருக்கான தூண்டில் போட்டி மழையால் ஒத்திவைக்கப்பட்டுப் பின்னர் நடக்கவே இல்லை. சரக்குவ கடற்கரையைத் துப்புரவு செய்யப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். 2021இல் தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் அந்த மணலில் இன்னும் கிடக்கின்றன. ஒரு மணி நேரத்தில் இரண்டு போத்தல்களை நிரப்பினோம். காலமான மூத்த உறுப்பினர் ஒருவருக்கு ஜூன் கூட்டத்தில் அஞ்சலி செலுத்தினோம்.

இனி வள்ளத்துக்கு வருகிறேன். சென்ற பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பில் நிறைவேறிய தீர்மானத்தின்படியே 18 அடி ஃபைபர் வள்ளமும் 15 குதிரைவலு இயந்திரமும் வாங்கப்பட்டன. அது செயலாளரின் தனி விருப்பம் என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பேசப்படுவதாக அறிகிறேன். கூட்டக்குறிப்பு என் கையில் இருக்கிறது, விரும்புபவர்கள் பார்க்கலாம். ஆனால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அந்த வள்ளத்தை நீர்கொழும்புக் களப்பில் இறக்கி, ஃபிளை தூண்டில், அதாவது மயிரும் இறகும் கட்டிய பொய் இரையை எறிந்து பிடிக்கும் முறை, பழக வேண்டும் என்ற திட்டம் என்னுடையதுதான். அதற்கான பொறுப்பை முழுமையாக ஏற்கிறேன்.

ஏன் அந்த மாதங்கள் என்று பலர் கேட்டார்கள். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் கோடை முடியும் காலம் ஃபிளை தூண்டில்காரர்களுக்குத் திருவிழாக் காலம். சூரை இனத்தைச் சேர்ந்த ஃபால்ஸ் அல்பகோர் அப்போது சிறுமீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு கரையோரம் வரும். கடற்பறவைகள் விழும் இடத்தைப் பார்த்துச் சிறு படகுகளில் விரைந்து சென்று எறிவார்கள். வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பிய காணொளிகளைப் பார்த்த நம்மவர் சிலர், நாமும் ஆகஸ்டில் களப்பின் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகலாம் என்று வாதாடினார்கள். நான் மறுத்தேன். அமெரிக்காவில் கோடை முடியும் அதே நாட்களில் எமது மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் ஓயவில்லை. யாழ்ப்பாணத்து உறுப்பினர்கள் சோழகம் என்பது இந்தக் காற்றைத்தான். மே முதல் செப்டம்பர் வரை அது அலையை எழுப்பிக்கொண்டே இருக்கும். எறியத் தெரியாத எட்டுப் பேரை 18 அடி வள்ளத்தில் ஏற்றி அந்த அலைக்குள் கொண்டுபோக எனக்கு உரிமை இல்லை. அம்மாதங்களில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும் என்பது உண்மை. அவ்வளவு தூரம் வள்ளத்தை இழுத்துச் செல்லப் பணம் எங்கே?

களப்பு அப்படியல்ல. ஆழம் பெரும்பாலான இடங்களில் ஆளின் நெஞ்சளவுக்கு மேல் போகாது. கடலோடு சேரும் வாய் வடக்கு முனையில், ஒடுக்கமானது. கொழும்புக் கரையில் வற்றுப்பெருக்கின் உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்றாலும், அகன்ற களப்பின் நீர் முழுவதும் அந்த ஒடுக்கமான வாயால் வெளியேறும்போது வேகம் பிடிக்கிறது. அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டிய நாட்களில் விடியற்காலையில் வற்று நடக்கும். இறாலும் சூடைக் குஞ்சும் அந்த நீரோடு இழுபட்டு வர, ஓட்டத்தின் விளிம்பில் பாரையும் சீலாவும் காத்து நிற்கும். ஞாயிறு அன்று நீர்கொழும்பு மீனவரில் பெரும்பாலோர் தேவாலயத்துக்குப் போவதால் வள்ளங்களின் நெரிசலும் இல்லை. இந்த மூன்றும் சேரும் நாட்களைப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தேன். மனம் போன போக்கில் குறித்த திகதிகள் அல்ல அவை.

வள்ளத்தில் செய்த மாற்றங்களுக்கும் விளக்கம் கேட்டிருந்தீர்கள். வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்கிறது. ஃபிளைக்கு அப்படி இழுத்துச் செல்லும் அளவுக்குப் பாரம் இல்லை. எறிவதே லைன் எனப்படும் தடித்த நூலின் பாரத்தைத்தான். எறிவதற்கு முன் பதினைந்து, இருபது மீற்றர் லைன் காலடியில் சுருண்டு கிடக்கும். ஓர் ஆணித்தலை, ஒரு கயிற்றுக்கொக்கி, ஒரு செருப்பு போதும், எறிதல் பாதியில் நின்றுவிடும். ஆகவே வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் இருந்த கயிற்றுக்கொக்கிகளைக் கழற்றினோம், நங்கூரத்தைப் பின்பக்கம் மாற்றினோம், மிச்சமிருந்த மேடுபள்ளங்களைப் பழைய வலைத்துண்டால் மூடினோம். செலவு மிகச் சிறிது.

லைன் வாங்கிய செலவு சிறிதல்ல. இலண்டனில் உள்ள ஒரு நலன்விரும்பி அனுப்பிய லைன்கள் குளிர்நாட்டு நீருக்கானவை. ஜூலையில் பழகிப் பார்த்தபோது, வெயில் ஏறியதும் அவற்றின் மேற்பூச்சு இளகிப் பலாப்பால் போல் விரலில் ஒட்டியது. தடியின் வளையங்களுக்குள் ஓட மறுத்தது. வெப்பநாட்டுக் கடலுக்கென்று விறைப்பாகச் செய்யப்பட்ட லைன் இரண்டை, எட்டாம் எண் தடிக்கும் ஒன்பதாம் எண் தடிக்கும் (எண் கூடக் கூட லைனின் பாரமும் கூடும்), முன்அனுமதி இல்லாமல் வாங்கினேன். செயற்குழு நிறைவெண் இல்லாமல் கலைந்த மாதம் அது. காத்திருந்திருந்தால் பருவம் போயிருக்கும்.

ஃபிளை கட்டும் வகுப்பு நான்கு மாலைகள் நடந்தது. நாம் கட்டியது கிளவுசர் மின்னோ என்ற வகை. அமெரிக்காவில் சஸ்குவெஹானா ஆற்று மீனுக்காகப் பாப் கிளவுசர் என்பவர் 1980களில் உருவாக்கிய இது, இன்று உலகக் கடல்களெங்கும் பயன்படுகிறது. கொக்கியின் தண்டில் கட்டும் பாரமான கண்கள் அதைக் கவிழ்த்து விடுவதால் முனை மேல்நோக்கி நிற்கும். அடியில் சிக்குவது குறையும். அவர்கள் மான்வால் மயிரில் கட்டுகிறார்கள். மான் இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு; ஆகவே நாம் ஆட்டு மயிரிலும் சந்தையில் கேட்டு வாங்கிய சேவல் இறகிலும் கட்டினோம். மினுக்கத்துக்குப் புறக்கோட்டையில் வாங்கிய நத்தார் அலங்கார இழை. நான்கு மாலைகளும் தவறாமல் வந்தவர்கள் ஐவர். அந்த ஐவருடைய பெயரையும் கூட்டக்குறிப்பில் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 4ஆம் திகதி எட்டுப் பேர் கையொப்பமிட்டார்கள். வெள்ளவத்தையிலிருந்து அதிகாலை நான்கு மணிக்கு வான் புறப்பட்டபோது உள்ளே இருந்தவர்கள் என்னோடு மூவர். மழையோடு காற்று வீசியதால் ஏழு மணிக்கே கரையேறினோம். 18ஆம் திகதி, பறுவத்துக்கு முதல்நாள், நால்வர். அன்றுதான் காற்றில் எறிவது எப்படி என்பது எங்களுக்குப் புரிந்தது. வலக்கைக்காரருக்குக் காற்று வலப்பக்கமிருந்து வந்தால் கொக்கி காதுக்கு வரும். வள்ளத்தைத் திருப்பிப் பிடித்து, காற்று இடத்தோளில் படுமாறு வைத்துத் தந்தார் எமது வள்ளக்காரர். எல்லாக் கொக்கிகளின் முள்ளையும் குறட்டால் நசுக்கிவிடச் சொன்னேன். தலைவர் அவர்களின் தோளில் ஏறிய கொக்கி அதனால்தான் வலியின்றிக் கழன்றது. சிறு பாரை நான்கு பிடித்து விட்டோம். ஐந்து ஃபிளைகளைச் சீலா பல்லால் அறுத்துக்கொண்டு போனது. அடுத்த முறை முதல் தங்கூசியின் நுனியில் கம்பி கட்டினோம்.

செப்டம்பர் 1ஆம் திகதி வந்தவர்கள் நானும், உயர்தரம் படிக்கும் ஒரு மாணவ உறுப்பினரும் மட்டுமே. அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. கிழக்கு வெளுக்கும்போது நீர் நல்ல ஓட்டத்தில் இருந்தது, காற்றும் அடங்கியிருந்தது. சூடைக் குஞ்சுகள் நீர்மேல் தெறித்த இடத்துக்கு அப்பால் பையன் எறிந்தான். முதல் மீன் கடித்ததும், எல்லாரையும் போலத் தடியைத் தூக்கினான். கொக்கி வாயிலிருந்து உருவிக்கொண்டது. "தடியைத் தூக்காதீர்கள் தம்பி, கையால் லைனை இழுங்கள்" என்று வள்ளக்காரர் சொன்னார். இரண்டு கோடைகளாக நான் வகுப்பில் சொல்லிவருவதும் அதுதான். அடுத்த கடியில் அவன் கையால் இழுத்தான். காலடியில் கிடந்த லைன் முழுவதும் ஒரு சுருளும் சிக்காமல் வளையங்களால் பறந்தது. ரீல் கத்தத் தொடங்கியது. பதினைந்து நிமிடத்துக்குப் பின் இரண்டு கிலோ வரும் பாரை ஒன்று வள்ளத்தின் பக்கத்தில் வந்து சாய்ந்தது. அந்தப் பையன் அழுதுவிட்டான். அணியத்தில் கயிற்றுக்கொக்கி கழற்றியதற்கும், லைன் வாங்கியதற்கும் என்னிடம் விளக்கம் கேட்டவர்களில் ஒருவராவது அன்று அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஏங்கினேன்.

15ஆம் திகதி பறுவத்துக்கு மூன்று நாள் முன்பு என்பதால் ஓட்டம் மந்தம். மீனைத் தேடி உட்பக்கம் போனபோது, களப்பு மீனவர் மீன் அடைவதற்காக நட்டுவைத்த கிளைக்குவியலில் இயந்திரத்தின் புரொப்பெலர் அடிபட்டது. அந்தக் குவியல்கள் அவர்களுடைய வாழ்வாதாரம். வழி தவறியது நாம். சேதமான கிளைகளுக்கு மன்னிப்புக் கேட்டு, ஒரு தொகையும் கொடுத்தோம். புரொப்பெலரைத் திருத்தக் கொடுத்த இடத்தில் மூன்று வாரம் என்று சொல்லப்பட்டது. செயற்குழு உறுப்பினர் ஒருவர் தன் சொந்த இயந்திரத்தைத் தந்து உதவினார். 22ஆம் திகதியை உறுப்பினர் கேட்டதால் மேலதிகமாகச் சேர்த்திருந்தேன். சனாதிபதித் தேர்தலுக்கு மறுநாளான அன்று நண்பகல் வரை ஊரடங்கு. 29ஆம் திகதி, பாரை பிடிபட்ட செய்தி பரவியபின், பதினொரு பேர் வந்தார்கள்! உயிர்காப்பு அங்கி ஐந்துதான் இருந்தது. வள்ளத்தில் ஒரு நேரத்தில் எறிபவர்கள் இருவருக்கு மேல் போக முடியாது. முறைவைத்து ஏற்றியதில் சிலருக்கு மனக்குறை என்று அறிந்து வருந்துகிறேன். அக்டோபர் நடுப்பகுதியில் கம்பஹா மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியதோடு களப்பு செம்மண் நீராகிவிட்டது. பிற்பகல் இடிமழையும் தொடங்கியிருந்தது. கார்பன் தடி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். முழக்கம் கேட்டால் தடியைக் கீழே வைத்துக் கரையேற வேண்டும் என்பதைச் சங்க விதியாகவே சேர்க்கக் கோருகிறேன்.

கையொப்பமிட்டு வராதவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. வானுக்கு இரண்டு பேர் வந்தாலும் எட்டுப் பேர் வந்தாலும் ஒரே வாடகை. நாற்பது கிலோமீற்றர் போய்த் திரும்பும் செலவை வந்தவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். அந்த மாணவனின் பங்கை நான் கொடுத்தேன். முதல்நாள் இரவு பத்து மணிக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதுமானது.

பதிவேட்டில் 41 உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தாவை முழுமையாகச் செலுத்தியவர்கள் 17 பேர். பாதி செலுத்தியவர்கள் 9 பேர். மற்றையோருக்கு மூன்று கடிதங்கள் அனுப்பினேன். இரவல் பெற்ற தடிகள் இரண்டு இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். பெயர் சொல்ல விரும்பவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவை விடச் செலவு சற்று அதிகம். வித்தியாசம் பழைய சேமிப்பிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. வள்ளத்துக்கான செலவில் ஒரு பகுதியை நன்கொடையாகக் கருதுமாறு இருவர் எழுதித் தந்துள்ளார்கள். பற்றுச்சீட்டு கிடைக்காத சில சிறு செலவுகளுக்கு என் கையொப்பம் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், மண்டபம் தந்த ஆலய நிர்வாகத்தினர், கணக்காய்வாளர் அனைவருக்கும் நன்றி. வள்ளக்காரருக்குத் தனியாக நன்றி சொல்கிறேன். வராத நாட்களுக்கும் அவர் விடியுமுன் துறையில் காத்து நின்றார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

செயலாளர் பதவிக்கு இம்முறை வேறொருவர் முன்வந்தால் முழு மனதோடு பொறுப்பை ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் தொடர்வேன். ஆனால் சந்தா இல்லாமல் வள்ளத்தைத் தொடர முடியாது. இயந்திரத்துக்கு முழுப் பராமரிப்பு தேவை. இன்னும் மூன்று உயிர்காப்பு அங்கிகள் வேண்டும். இவை இரண்டும் ஜூலைக்குள் நடக்காவிட்டால் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை வாங்க விரும்பி ஒருவர் ஏற்கனவே இருமுறை விசாரித்துவிட்டார்.

2025ஆம் ஆண்டுக்குரிய நாட்களைக் குறித்துவைத்திருக்கிறேன்: ஆகஸ்ட் 10, ஆகஸ்ட் 24, செப்டம்பர் 6, செப்டம்பர் 21. செப்டம்பர் 7 ஞாயிறு பினர போயா, பௌத்தரின் பறுவ விடுமுறை நாள், என்பதால் அதற்கு முதல்நாள் சனிக்கிழமை. பெயர்ப்பட்டியல் பொருளாளரின் மேசையில் இருக்கிறது. அந்த மாணவர் ஏற்கனவே நான்கு நாட்களுக்கும் கையொப்பமிட்டு, சந்தாவும் கட்டிவிட்டார்.

இவ்வண்ணம்,
செயலாளர்
கொழும்பு, 2025 மே