தையிலேயே காலியாகும் பெஞ்சுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்புகளில் இடைநிற்றல் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். செஞ்சிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பகுதியில் பிள்ளைகள் எந்த மாதத்தில் படிப்பை விடுவார்கள் என்பது எல்லா வகுப்பாசிரியருக்கும் தெரியும். தை மாதம்.

பொங்கல் கழிந்ததும் குடும்பம் குடும்பமாகச் சேம்பருக்கு, அதாவது செங்கல் சூளைக்கு, கல் அறுக்கக் கிளம்பிவிடுவார்கள். சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் வாங்கிய அட்வான்ஸ் அதற்குள் செலவாகியிருக்கும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலியில் அதைக் கழித்தாக வேண்டும். மழை பிடிக்கும் வரை ஊர் திரும்ப வழியில்லை. பொதுத்தேர்வோ பங்குனியில்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், தேற்றத்தைப் புத்தகம் பார்க்காமல் நிறுவிக் காட்டுவாள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சூளைக்கே தேடிப் போனேன். கைப்பிள்ளைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு உலை வைத்துக்கொண்டிருந்தாள். "சின்னவன யாரு டீச்சர் பாத்துப்பா? அட்வான்ஸு வாங்கித் தின்னாச்சே" என்றார் அவள் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை. அவள் தேர்வு எழுதவில்லை. பதிவேட்டில் மட்டும் கடைசி வரை அவள் பெயர் இருந்தது.

2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை என்றதும் எல்லோரும் திகைத்தார்கள். அவர்களில் பலரின் பெயரை வகுப்பாசிரியர்கள் ஜனவரியிலேயே சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. இடைநிற்றலைத் தடுக்க 10, 11-ஆம் வகுப்புகளுக்குத் தலா 1,500 ரூபாய், 12-ஆம் வகுப்புக்கு 2,000 ரூபாய் என அரசு ஊக்கத்தொகை ஒதுக்குகிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் பிளஸ் டூ முடித்த பிறகுதான் கைக்கு வரும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் கல்லூரியில் சேர்ந்த பிறகே. மேஸ்திரியின் பணமோ வீட்டில் அரிசி தீரும்போதே வந்துவிடுகிறது.

ஒருமுறை எங்கள் தலைமையாசிரியர் மார்கழியிலேயே விடுதிக் காப்பாளரைப் பார்த்துப் பேசி, இரண்டு பையன்களைத் தேர்வு முடியும் வரை தங்கவைத்தார். இருவரும் தேறினார்கள், ஒருவன் ஐடிஐ முடித்தான். ஒரு நல்ல மனிதரின் முயற்சியால் நடந்த அது அரசாணையாக வேண்டும். அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் சூளைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளின் பட்டியலை ஒவ்வொரு பள்ளியும் எடுக்கட்டும். ஜூனில் மட்டும் சேர்க்கை என்றில்லாமல், ஜனவரியிலும் அவர்களுக்காக அரசு விடுதிகள் திறக்கட்டும். ஊக்கத்தொகையில் ஒரு பங்கைப் பொங்கலுக்கு முன்பே தாயின் கையில் கொடுக்கட்டும். சூளைக்கு அருகிலேயே அங்கன்வாடி வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருந்தால் அந்தப் பெண் தேர்வு எழுதியிருப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்.