‘100% காட்டன்’ என்று விற்ற கலப்புத் துணி பற்றிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: 100% காட்டன் என்ற அட்டையோடு விற்கப்பட்ட பாலியெஸ்டர் கலந்த துணி, 6 மீட்டர், 84 வெள்ளி

மதிப்பிற்குரிய மேலாளருக்கு,

வணக்கம். தீபாவளிக்கு அடுத்த வாரம் உங்கள் கடையில் சந்தன வெள்ளை நிறத்தில் 6 மீட்டர் துணி வாங்கினேன். மீட்டர் 14 வெள்ளி. துணி சுற்றியிருந்த அட்டையின் ஓரத்தில் ‘100% காட்டன்’ என்று அச்சிட்டிருந்தது, ரசீதிலும் அப்படியே இருக்கிறது. இரண்டின் படத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அது காட்டன் இல்லை, பாலியெஸ்டர் கலந்த துணி.

எதற்காக வாங்கினேன் என்று சொன்னால்தான் என் வருத்தம் உங்களுக்குப் புரியும். என் அம்மா போன வருடம் தவறிவிட்டார். அவர் உடுத்திய மதுரைச் சுங்குடிச் சேலைகள் ஐந்து என்னிடம் இருந்தன. அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, இடையிடையே உங்கள் வெள்ளைத் துணியை வைத்துத் தைத்து, நடுவில் பருத்திப் பஞ்சு விரிப்பு கொடுத்து, என் மகளுக்கு ஒரு குவில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை, செய்ய நினைத்தேன். சமூக மன்றத் தையல் வகுப்பில் சேர்ந்து 11 வருடமாக குவில்ட் தைக்கிறேன். இதுபோல் பார்த்துப் பார்த்து எதையும் தைத்ததில்லை.

அம்மாவின் சேலைகள் நாற்பது வருடம் துவைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தவை. புதுக் காட்டன் அப்படி இல்லை, முதல் துவைப்பில் மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டராவது குறையும். அதனால் வெட்டுவதற்கு முன்பே உங்கள் துணியைத் துவைத்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப் போட்டேன். அளந்து பார்த்தால் அரை சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. அப்புறம் இன்னொன்று. அது மழை மாதம், வீட்டில் துண்டுகள் இரண்டு நாளாகியும் ஈரம் போகாமல் கிடந்தன. இந்தத் துணி மட்டும் மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைக்கும், பாலியெஸ்டர் பிடிக்காது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அட்டையில் அச்சிட்டதை நம்பி, நெசவு நெருக்கமான நல்ல துணி போலிருக்கிறது என்று எடுத்து வைத்தேன்.

தைக்க ஆரம்பித்ததும் தொல்லை தொடங்கியது. குவில்ட் வேலையில் கால் அங்குலம் விட்டுத் தைத்து, ஒவ்வொரு தையலையும் ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போட வேண்டும். காட்டன் சொன்ன பேச்சைக் கேட்கும், நகத்தால் அழுத்தினாலே மடிந்து படுக்கும். உங்கள் துணி படுக்க மறுத்து எழுந்து நின்றது. சரி, சூடு போதவில்லை என்று நினைத்து இஸ்திரிப் பெட்டியைக் காட்டனுக்குரிய மூன்று புள்ளியில் வைத்து, நீராவி விட்டு அழுத்தினேன். அது ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். பாலியெஸ்டர் இருந்தால் இரண்டு புள்ளிக்கு, அதாவது 150 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அட்டை உண்மையைச் சொல்லியிருந்தால் நான் போயிருக்கவும் மாட்டேன். வெள்ளைச் சதுரங்களில் எண்ணெய் தடவியது போல் ஒரு பளபளப்பு ஏறியது. ஒவ்வொன்றும் ஒரு நூல் அளவு உள்வாங்கியது. பக்கத்தில் இருக்கும் சேலைச் சதுரம் அப்படியே இருப்பதால் அது சுருக்கம் விழுந்து உப்பிக்கொண்டு நிற்கிறது. மூலைகள் எதுவும் சேரவில்லை.

அன்று இரவு இரண்டு துணியிலிருந்தும் நூல் உருவி, பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். அம்மாவின் சேலை நூல் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டதும் உதிரும் சாம்பலானது. உங்கள் துணியின் நூல் சுருண்டு எரிந்து, நுனியில் கறுப்பாக ஒரு மணி விட்டுப் போனது. நகத்தால் நசுக்கியும் அது உடையவில்லை. அந்த மணி பாலியெஸ்டர் உருகி இறுகியது.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், “பாலி-காட்டனும் காட்டன் வகைதான், இன்னும் நீடித்து உழைக்கும்” என்றார். கலப்புத் துணியை நான் குறை சொல்லவில்லை. பைகளும் பிள்ளைகளுக்கு விளையாட்டு விரிப்பும் அதில்தான் தைக்கிறேன், கசங்காது, சாயமும் சீக்கிரம் வெளுக்காது. முழுவதும் ஒரே கலப்பில் தைத்தால் நல்ல குவில்டே வரும். ஆனால் நைந்த பழைய பருத்தியோடு அதைச் சேர்த்தால், அவர் சொன்ன அந்த உழைப்பே வினையாகிறது. வலுவான துணி இழுக்க இழுக்க, தையல் ஓரத்தில் மெல்லிய துணிதான் கிழியும். அதனால்தான் பிரிக்க முடிவு செய்தேன். பிரிக்கும்போது அம்மாவின் சேலைச் சதுரங்களில் 11 கிழிந்துவிட்டன. அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எனக்கு 84 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, அதே சுருளில் மிச்சமிருக்கும் துணியை விற்பனையிலிருந்து எடுத்துச் சோதித்து, சரியான அட்டை ஒட்ட வேண்டும். அதிலிருந்து வாங்கிய மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். என் பேச்சைக் கேட்டு வகுப்பில் மூன்று பேர் அதே துணியை வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், மற்றவர்கள் யாரென்று உங்களுக்குத்தான் தெரியும்.

2012 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கும் விதிப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். நான் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன்.

வெட்டாத ஒன்றரை மீட்டர் துணியை அட்டையோடு எடுத்து வைத்திருக்கிறேன். சோதனைக்கு வேண்டுமென்றால் நேரில் கொண்டுவந்து தருகிறேன். என் தொலைபேசி எண் ரசீதில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்
ஈசூன், சிங்கப்பூர்