பாட்டல்ல, ஓதுதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரியில் இந்தப் பருவம் இஸ்லாமும் இசையும் பற்றிய பாடம் படிக்கிறேன். 'இஸ்லாத்தில் இசைக்கு இடமில்லை' என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் வகுப்பில் குர்ஆன் ஓதுதலைக் கேட்டோம். ஓதுபவர் ஒரு வசனத்தை முடித்து, மூச்சு வாங்கி, அடுத்ததற்குள் போகும் அந்தச் சின்ன இடைவெளியில் யாருமே அசையவில்லை. அரபு இசையின் மகாம்கள்தான் (நம் ராகங்களைப் போன்றவை) அதிலும் வருகின்றன, ஆனால் அதைப் பாட்டு என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம் பார்த்தால், 10-ஆம் நூற்றாண்டிலேயே தத்துவ அறிஞர் அல்-ஃபாராபி இசைக்கென்று பெரிய நூல் எழுதியிருக்கிறார், மெவ்லவி என்ற இஸ்லாமிய ஆன்மிக மரபைச் சேர்ந்த சூஃபிகள் நாணற்குழல் ஒலிக்கச் சுழன்று சுழன்று இறைவனை நினைக்கிறார்கள், இசைக்கருவியே கூடாது என்ற அறிஞர்களும் இதே மரபில்தான் இருக்கிறார்கள். இசை கூடுமா கூடாதா என்ற இந்த வாதத்தைப் பற்றி உங்கள் பண்பாட்டுப் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள், ப்ளீஸ்.

- ஒரு கல்லூரி மாணவி