காப்பைக் கழற்றியது நல்லதுதான்

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்பு மகளுக்கு,

நான் அனுப்பிய காப்பைப் பேரன் கையிலிருந்து கழற்று என்று காலையில் போனில் அவசரமாகச் சொன்னதை நிதானமாக எழுதுகிறேன். நேற்று நீ அவன் மணிக்கட்டைக் காட்டியபோது, "வேர்க்குருதான், எண்ணெய் தடவு" என்று சொல்லிவிட்டேன். தவறு. வேர்க்குரு கழுத்திலும் முதுகிலும் சிதறிக் கிடக்கும்; காப்பின் கொக்கி படும் இடத்தில் மட்டும் தடித்து நீர் கோத்து நிற்காது. இரவெல்லாம் அதுவே கண்ணில் நின்றது.

உன் அண்ணன் மகளுக்கென்று வாங்கி வைத்த அதே மாதிரிக் காப்பைப் பத்தரிடம் காட்டினேன். வளையம் வெள்ளியாம், கொக்கி ஜெர்மன் சில்வராம். பெயரில்தான் சில்வர்; செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த உலோகம் அது. வியர்வை பட்டால் நிக்கல் கசிந்து தோலில் இறங்கும். ஆசையாக அனுப்பிய அம்மா மனம் நோகுமே என்று நீ கழற்றாமல் இருந்தாய் பார், அதுதான் எனக்கு வலிக்கிறது.

"மூன்று வாரம் போட்டிருந்தானே, ஒன்றும் ஆகவில்லையே" என்றாய். தொட்டு வருகிற ஒவ்வாமை அப்படித்தான். முதல் நாளே வராது. உடம்பு அந்தப் பொருளைப் பகையாக நினைக்கத் தொடங்கவே பத்துப் பதினைந்து நாளாகும், சிலருக்கு மாதக்கணக்கும் ஆகும். அதற்குப் பிறகும் அது தோலில் பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும். அதற்குள் நாம் நேற்று ஊட்டிய பப்பாளியின் மேல் பழி போட்டிருப்போம்.

உனக்கும் இது வந்தது. எட்டு மாதம் அப்போது. ஆயா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உடைப்பார். ஆனாலும் ஓட்டு எண்ணெய் விரலிடுக்கில் கறுப்பாக ஏறி, உள்ளங்கை உரிந்திருக்கும். வந்ததும் உன் கன்னத்தைத்தான் தொடுவார். ஒரு நாள் உன் கன்னத்தில் கொப்புளம் கிளம்பியது. அம்மை என்று வேப்பிலை செருகினோம். ஆயாதான் உற்றுப் பார்த்து, தன் விரல்களை அந்தத் தடத்தின் மேல் காற்றிலேயே வைத்து அளந்தார். நான்கு விரலும் பொருந்தின. ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்விட்டார். அதன்பின் கையைத் தேய்த்துக் கழுவி, புடவை மாற்றாமல் உன்னைத் தூக்கியதே இல்லை.

அதனால் தடிப்பின் வடிவத்தைப் பார். தொப்புளுக்குக் கீழே வட்டமாக இருந்தால் உடையின் உலோகப் பொத்தான். இடுப்பைச் சுற்றினால் அரைஞாணில் கோத்த தாயத்து. வெட் வைப்ஸையும் குறைத்துக்கொள். சிலவற்றில் மெதில்ஐசோதையசோலினோன் என்ற, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கும்; அதுவும் இதே ஒவ்வாமையைத் தரும். கழுவாமல் தோலிலேயே விடும் அழகுப் பொருட்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்திருக்கிறது. பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும்.

மருந்துக் கடையில் கேட்டு எந்தக் களிம்பும் வாங்காதே. பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். குழந்தையின் தோல் மெல்லியது. தோல் மருத்துவரிடமே காட்டு. மஞ்சளும் பூசாதே, அதுவே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

திருவந்திபுரத்தில் மொட்டை அடிப்பதோடு காதும் குத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். மொட்டை மட்டும் அடிப்போம். காது பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கும் கவரிங் கம்மல் கிடையாது, பத்தரிடம் 22 காரட் கம்பி சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை பேசும்போது அவன் கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா